பதினோராம் ஆண்டில் வரும் செலவு

ஒரு குற்றத்துக்கான தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தும் மசோதா இன்று நிறைவேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் சிறைத்துறைக்கு இந்த ஆண்டு ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டும் ஒன்றுமில்லை. பழைய சட்டப்படியும் அந்தக் கைதி 10 ஆண்டுகள் உள்ளேதான் இருந்திருப்பார் என்பதால், தண்டனைக் கழிவு போன்றவற்றை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், புதிய சட்டத்தின் முதல் கூடுதல் நாள் பதினோராம் ஆண்டில்தான் பிறக்கிறது. அதற்குள் மசோதாவை ஆதரித்துக் கை தூக்கியவர்களில் பலர் பதவியில் இருக்க மாட்டார்கள். அவர்கள் பெற்ற கைதட்டல் மட்டும் பழைய செய்தித்தாள்களில் இருக்கும்.

பாலம் கட்டுவதற்கோ மருத்துவமனை திறப்பதற்கோ மதிப்பீட்டுத் தொகையைக் கேட்காமல் எந்த அவையும் ஒப்புதல் தருவதில்லை. தண்டனைச் சட்டத்தின் மீதான விவாதம் மட்டும் அறத்தைப் பற்றியதாகவே தொடங்கி அறத்தைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. செலவைப் பற்றிக் கேட்பவர் குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறார் என்ற பழி வரும் என்பதால் கேட்க நினைப்பவரும் வாயை மூடிக்கொள்கிறார். கொடுங்குற்றங்களுக்கு நீண்ட தண்டனை வேண்டும் என்று கருதுபவன்தான் நானும். விலையைக் கேட்காமலேயே வாங்கிவிடுகிறோமே என்பதுதான் என் குறை. சட்டத்தைக் கடுமையாக்குபவர்கள் மட்டுமல்ல, தளர்த்துபவர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1994இல் கொண்டுவந்த ‘மூன்றாம் முறை’ சட்டத்தைப் பாருங்கள். வன்முறைக் குற்றம் போன்ற கடுமையான குற்றங்களுக்காக ஏற்கெனவே இரண்டு முறை தண்டிக்கப்பட்ட ஒருவர், அடுத்து, வன்முறையற்றதாக இருந்தாலும், சட்டம் பெருங்குற்றம் என்று வகைப்படுத்தும் எதைச் செய்தாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்றது அது. முன்பு ஒருமுறை மட்டும் அவ்வாறு தண்டிக்கப்பட்டவருக்கு, அடுத்த பெருங்குற்றத்துக்கான தண்டனை இரட்டிப்பானது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 72 சதவீதத்தினர் அதை ஆதரித்தார்கள். அச்சட்டப்படி, தலா 399 டாலர் விலையுள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய ஒருவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை விதிக்கப்பட்டது. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 1,200 டாலருக்கும் குறைவு. இன்று அந்த மாநிலம் ஒரு கைதிக்காக ஓராண்டில் செலவிடுவது ஒரு லட்சம் டாலருக்கும் மேல்.

அந்த ஒரு சட்டம்தான் அங்குள்ள சிறைகளை நிரப்பியது என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாகச் சேர்ந்த பல திருத்தங்களின் கூட்டு விளைவு அது. ஆனால் விளைவு என்ன என்பதில் ஐயமில்லை. சுமார் 80,000 பேருக்காகக் கட்டப்பட்ட சிறைகளில் ஒரு கட்டத்தில் அதைப்போல இரு மடங்குக் கைதிகள் இருந்தார்கள். உடல்நோய்க்கும் மனநோய்க்கும் உரிய சிகிச்சை கிடைக்காமல் வழக்குகள் தொடரப்பட்டு, நெரிசலைக் கொள்ளளவின் 137.5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதையடுத்து, சிறிய குற்றங்களுக்குத் தண்டனை பெறுவோரை மாநிலச் சிறைக்கு அனுப்பாமல் மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் விடும் ஏற்பாடு வந்தது. சுமையின் ஒரு பகுதி தோள் மாறியது. 2012இல் மக்களே மீண்டும் வாக்களித்து, மூன்றாவது குற்றமும் கடுமையானதாக இருந்தால்தான் ஆயுள் தண்டனை என்று பொதுவாகச் சட்டத்தைச் சுருக்கினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தண்டனைக் குறைப்புக் கோரி மனுப் போடலாம் என்றும் அதே சட்டம் சொன்னதால், பழைய கோப்புகளைத் தேடி எடுக்கவும், அரசு வழக்கறிஞரையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரையும் நீதிபதி முன் மறுபடி நிறுத்தவும் வேண்டியதாயிற்று. 1994இல் வாக்களித்த எவரும் இந்தச் செலவை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நீண்ட தண்டனையின் செலவு எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. இருபத்தைந்து வயதில் உள்ளே வந்தவர் ஆரோக்கியமாக இருக்கிறார். அவருக்கு உணவும் காவலும் போதும். அறுபத்தைந்து வயதில் அவருக்குச் சர்க்கரை நோய், இதய நோய், சக்கர நாற்காலி, மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் உடன் செல்லக் காவலர்கள் என்று எல்லாமே சேர்ந்துகொள்கின்றன. வயது ஏற ஏறக் குற்றம் செய்யும் போக்கு குறைகிறது என்பது குற்றவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆக, சமூகத்துக்கு அவரால் ஆபத்து மிகக் குறைவாக இருக்கும் வயதில்தான் அவருக்காக நாம் மிக அதிகமாகச் செலவிடுகிறோம்.

கணிப்பு எவ்வளவு தவறலாம் என்பதற்கு இங்கிலாந்தும் வேல்ஸும் தரும் சான்று இன்னும் கசப்பானது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்து 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது ‘பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறைத்தண்டனை’. நீதிமன்றம் ஒரு குறைந்தபட்சக் காலத்தை மட்டும் சொல்லும். அதற்குப் பிறகு, ‘இவரால் இனி ஆபத்தில்லை’ என்று பரோல் வாரியம் நம்பினால்தான் வெளியே வரலாம். இதனால் கைதிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 900 கூடும் என்பது அரசின் கணிப்பு. அத்தண்டனை பெற்றவர்களோ 8,700 பேருக்கும் மேல். ஆபத்தில்லை என்று காட்டச் சீர்திருத்தப் பயிற்சிகளை முடிக்க வேண்டும். அந்தப் பயிற்சிகளில் போதிய இடமில்லை. குறைந்தபட்சக் காலம் முடிந்தும் வரிசையில் காத்துக் கிடந்த மூவரின் வழக்கில், 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அத்தண்டனை ஒழிக்கப்பட்டது, ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அந்த ஒழிப்புப் பொருந்தவில்லை. ஒருமுறைகூட விடுவிக்கப்படாதவர்கள் 2024இலும் ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். சட்டத்தைக் கொண்டுவந்தபோது உள்துறை அமைச்சராக இருந்த டேவிட் பிளங்கெட் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். பயிற்றுநர்களை நியமிக்கும் செலவை மசோதாவோடு சேர்த்தே கேட்டிருந்தால் அந்த வருத்தத்தில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி தளர்த்துபவர்களின் கணக்கு. ஒரு கைதிக்கு ஆண்டுக்கு இவ்வளவு செலவு, ஆயிரம் பேரை விடுவித்தால் அதன் ஆயிரம் மடங்கு மிச்சம் என்று மேடையில் பெருக்கிக் காட்டுகிறார்கள். அது தவறு. நூறு பேர் இருந்த கட்டடத்தில் பத்துப் பேர் குறைந்தால் அவர்களின் உணவும் மருந்தும்தான் மிச்சமாகும். வார்டர்களின் சம்பளம், மின்சாரம், கட்டடப் பராமரிப்பு எல்லாம் அப்படியே நிற்கும். ஒரு பிரிவையோ ஒரு சிறையையோ முழுதாக மூடும்போதுதான் பெரிய தொகை கைக்கு வருகிறது. சிறையை நம்பி வாழும் ஊர்கள் அதை எளிதில் விடுவதில்லை. 2014இல் கலிபோர்னியா, 950 டாலர் வரையிலான பெரும்பாலான திருட்டுகளைச் சிறு குற்றமாக்கி, அதனால் மிச்சமாகும் பணத்தில் 65 சதவீதத்தை மனநல, போதை மீட்புச் சிகிச்சைகளுக்கும், 25 சதவீதத்தைப் பள்ளி மாணவர்களுக்கும், 10 சதவீதத்தைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் செலவழியாத பணத்தை எப்படி எண்ணுவது? மிச்சம் எவ்வளவு என்பதிலேயே ஆளுநர் தரப்பும் சட்டமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகமும் வேறுபட்டன. 2024இல் மக்கள் அச்சட்டத்தின் சில பகுதிகளை மீண்டும் கடுமையாக்கினார்கள்.

சட்டம் மாறும் இடைக்காலத்துக்கும் தனிச் செலவு உண்டு. போதைப்பொருள் குற்றங்களுக்கான தண்டனை அளவை 2014இல் குறைத்த அமெரிக்கக் கூட்டாட்சித் தண்டனை ஆணையம், பழைய கைதிகளுக்கும் அதை நீட்டித்தது. ஆனால் 2015 நவம்பர் 1க்கு முன் எவரையும் விடுவிக்கக் கூடாது என்றது. நீதிபதிகள் ஒவ்வொரு மனுவையும் பார்க்கவும், வெளியே வருபவர்களைக் கண்காணிக்கும் அலுவலர்கள் தயாராகவும் அந்த ஓராண்டு அவகாசம். சுமார் 6,000 பேர் ஒரே வாரஇறுதியில் வெளியே வந்தபோது அவர்களை எதிர்பார்த்து ஓர் அமைப்பு இருந்தது. 2024 செப்டம்பரில் இங்கிலாந்தும் வேல்ஸும், சிறையில் இடமே இல்லை என்ற நிலையில், பலரது தண்டனையில் கட்டாயமாக உள்ளே கழிக்க வேண்டிய பகுதியை 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைத்து, முதல் நாளிலேயே ஏறக்குறைய 1,700 பேரை விடுவித்தன. அவர்களில் 37 பேர் விடுவிக்கப்பட்டிருக்கவே கூடாதவர்கள். பாதிக்கப்பட்டவரை நெருங்கக் கூடாது என்பது போன்ற தடை உத்தரவை மீறிய அவர்களின் குற்றம், நீக்கப்பட்ட பழைய சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருந்ததால், முன்விடுதலை தரக் கூடாத குற்றங்களின் பட்டியலில் சிக்கவில்லை. அவர்களைத் தேடிப் பிடித்து மீண்டும் உள்ளே அடைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தடை உத்தரவுகளால் காப்பாற்றப்பட்டிருந்தவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்பது எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறாது.

‘நீதிக்கு விலை பேசுவதா?’ என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் விலை எப்படியும் கொடுக்கப்படுகிறது. முன்கூட்டியே தெரிந்தால், அதே தொகையில் வேறு என்ன செய்யலாம் என்று யோசிக்க முடிகிறது. டெக்சாஸ் மென்மைக்குப் பெயர் போன மாநிலமல்ல. 2012க்குள் இன்னும் 17,000 பேருக்குச் சிறையில் இடம் வேண்டும், அதற்குச் சுமார் 200 கோடி டாலர் ஆகும் என்ற மதிப்பீடு 2007இல் மேசைக்கு வந்தபோது, அதன் சட்டமன்றம் 24.1 கோடி டாலரைச் சிகிச்சைக்கும் கண்காணிப்புக்கும் ஒதுக்கியது. 2011இல் அங்கு ஒரு சிறை மூடப்பட்டது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. சிறைவாசத்தைக் கூட்டும் எந்த மசோதாவும் அடுத்த ஆறு ஆண்டுகளின் செலவு மதிப்பீட்டோடுதான் அங்கு வர வேண்டும். அந்த ஆறில் எந்த ஆண்டின் செலவு மிக அதிகமோ அந்தத் தொகையை முதலிலேயே ஒதுக்க வேண்டும். ஓட்டை இல்லாமலில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன பதினோராம் ஆண்டு இந்த ஆறில் அடங்காது. தவிர, போதிய தகவல் இல்லையென்றால் ‘மதிப்பிட இயலாது’ என்று எழுதி, குறைந்தது 50,000 டாலரை ஒதுக்கினால் போதும் என்கிறது விதி. ஒரு கைதியை ஓராண்டு வைத்திருப்பதற்கே சரியாகப் போய்விடக்கூடிய தொகை அது. இருந்தாலும், ‘மதிப்பிட இயலாது’ என்ற இரண்டு சொற்கள் மசோதாவோடு அச்சாகி உறுப்பினர் கையில் இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுத்தான் அவர் வாக்களிக்க வேண்டியிருக்கிறது.