இறங்கி எண்ணெய் ஊற்றினால் கௌரவம் குறைந்துவிடுமா?

தமிழ்நாட்டுக்குப் போய்வந்த நம் மலேசியத் தமிழர்கள் திரும்பியதும் படிக்கும் புராணத்தில் இது கட்டாயம் ஒரு அத்தியாயம். "அங்கே காரை விட்டு இறங்கவே வேண்டாம்மா. பங்க்கில் போய் நின்றால் போதும், ஆள் வந்து பெட்ரோல் போட்டுவிடுகிறான். இங்கே நாமே காசு கட்டி, நாமே ஊற்றி, கையெல்லாம் நாற்றம்." எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பெரிய மாமா இதை ஆரம்பித்தால் அத்தைமார்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்குவார்கள். அந்தக் குழுவில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வேலை கோலாலம்பூரில், அப்பா அம்மா பட்டர்வொர்த்தில். பிளஸ் நெடுஞ்சாலையில் தனியாகவே காரோட்டிப் போய்வருகிறவள், அதுவும் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு, இரவில். ஆள் வந்து ஊற்றினால் எனக்குத்தான் முதலில் வசதி. அப்படியிருந்தும் என் ஓட்டு நாமே ஊற்றிக்கொள்வதற்குத்தான். எனக்கு இருக்கும் குறை வேறு. நம் நாட்டில் அதைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

முதலில் மாமாவின் சொர்க்கத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் வாடகைக் காரின் ஓட்டுநர் பங்க்கில் நிறுத்தினார். ஊற்றுகிறவர் குழாயைச் செருகும் முன் குனிந்து, "ஜீரோ பாத்துக்கோங்க" என்றார். எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. ஓட்டுநர் அண்ணன்தான் பிறகு விளக்கினார். ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டால் இருநூறிலேயே நிறுத்திவிடுவார்களாம். "ஐந்நூறு சொன்னேனே" என்றதும், "அடடா, இருநூறுன்னு காதுல விழுந்துச்சு சார்" என்று சொல்லி, மீதி முந்நூறுக்குப் போடுவதுபோல், மீட்டரைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பாமலே இருநூறிலிருந்து முந்நூறு வரை மட்டும் ஓட்டுவார்கள். இன்னொருவர் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைத் துடைப்பார், இல்லையென்றால் கார்டா கேஷா என்று கேட்பார். நம் காசு ஐந்நூறும் போய்விடும், டேங்க்கில் இறங்குவது முந்நூறுக்குத்தான். எல்லோரும் அப்படி இல்லை, நேர்மையானவர்கள்தான் அதிகம் என்று அவரே சொன்னார். இருந்தாலும் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கழுத்தை வளைத்து மீட்டரைக் காவல் காக்க வேண்டியிருக்கிறதே, அது என்ன சுகம்? பேசாமல் இறங்கி நானே பிடித்துக்கொள்வேன்.

பிடிப்பதற்கு அதில் பெரிய வித்தையும் கிடையாது. குழாயின் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய துளை இருக்கும், அடுத்த தடவை பாருங்கள். எண்ணெய் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து எண்ணெய் மட்டம் துளையை மூடியதும் காற்று நின்று உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு மெல்லிய சவ்வை இழுத்து விசையைத் தட்டிவிடும். 'டக்' என்று கேட்பது அதுதான். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. அந்தச் சத்தம் கேட்ட பிறகு கையை எடுத்துவிட வேண்டும். ஆள் ஊற்றும் இடங்களிலோ, சில்லறையை ரவுண்டாக்க வேண்டும் என்று 'டக்'குக்குப் பிறகும் அழுத்தி அழுத்தி ஊற்றுவார்கள். நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) இன்னும் எண்பது காசுதானே என்று காரைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போதுள்ள கார்களில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரிப்பெட்டி உண்டு. அதற்குள் ஆவிக்குப் பதில் எண்ணெயே போய்விட்டால் கெட்டுவிடும், மாற்றுவது மலிவில்லை.

மாமா கணக்கில் சேர்க்காத இன்னொன்றும் இருக்கிறது. கையில் அரை நிமிடம் ஒட்டிய நாற்றத்துக்கு நாம் முகம் சுளிக்கிறோம். ஊற்றுகிறவர் ஷிப்ட் முழுக்க அந்த ஆவியிலேயே நிற்கிறார். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. நான் மாதத்தில் சில நிமிடம் சுவாசிப்பதும், ஒருவர் நாள் முழுக்க, வருடக்கணக்கில் சுவாசிப்பதும் ஒன்றாகுமா? நான் உட்கார்ந்திருக்கும் சுகத்துக்கு விலையை வேறு ஒருவர் நுரையீரல் கட்டுகிறது என்றால் எனக்கு அந்தச் சுகம் வேண்டாம்.

சரி, "வளர்ந்த நாடுகளில் என்ன செய்கிறார்கள்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 1949 முதல் வண்டிக்காரர் தாமே பெட்ரோல் ஊற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒரிகன் 1951-இல் தடை போட்டது, 2023-இல்தான் மாநிலம் முழுவதும் விலக்கியது. இரண்டு இடங்களிலும் தடைக்குத் தீ விபத்துப் பயத்தைக் காரணம் சொன்னார்கள். மற்ற மாநிலங்களில் மக்கள் தாங்களே ஊற்றிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஜப்பான் 1998 வரைக்கும் அனுமதிக்கவில்லை. பிறகு அனுமதித்தபோது செய்ததுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. நாமே ஊற்றலாம், ஆனால் உள்ளே ஒரு ஊழியர் கேமராவில் பார்த்து அனுமதிப் பொத்தானை அழுத்தினால்தான் எண்ணெய் வரும். குழாயைத் தொடும் முன் உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்க ஒரு தகட்டைத் தொட வேண்டும். ஊற்றுவது நம் வேலை, கண்காணிப்பது அவர்கள் வேலை.

ஆள் ஊற்றுவது நிஜமாகவே உதவியாக இருப்பது வேற்று நாட்டில்தான். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பினாங்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாய்லாந்தின் ஹட்யாய் ஒன்றும் தூரமில்லை. எல்லை தாண்டினால் விலை கூடுதல் என்று எல்லைக்கு இந்தப் பக்கம் சங்லூனிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது குறைந்துவிட்டால் தாய்லாந்தில் நிறுத்த வேண்டி வரும். அங்கே கேசோஹோல் 91, 95, இ20 என்று எத்தனால் கலந்த வகைகள் வரிசையாக நிற்கும், பலகையில் பாதி தாய் எழுத்து. எது மலிவோ அதன் மேல் கண் போகும். இ20 என்றால் 20 விழுக்காடு எத்தனால், எல்லாப் பழைய கார்களும் அதைத் தாங்காது. ஒருமுறை அங்கே ஊற்றிய அக்கா நான் வாயைத் திறக்கும் முன்பே டேங்க் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றைந்தின் குழாயைத் தொட்டுக்காட்டித் தலையாட்டினார். இயந்திரம் அதைச் செய்யாது.

நம் நாட்டில் அந்தக் குழப்பம் குறைவு. மஞ்சள் குழாய் ரோன் 95 பெட்ரோல், பச்சை ரோன் 97 பெட்ரோல். டீசல் குழாயின் மூக்கு தடிமன், பெட்ரோல் காரின் வாய்க்குள் நுழையாது. ஆபத்து தலைகீழானது. பெட்ரோல் குழாய் டீசல் வண்டிக்குள் சுலபமாகப் போய்விடும். ஆகவே டீசல் பிக்கப்பை இரவல் வாங்கி ஊருக்குப் போகிறவர்கள் கவனம். தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளி ஓரம் கட்டுங்கள். ஓட்டிவிட்டால் செலவு பல மடங்கு.

அப்புறம் காசு விஷயம். "ஆள் வைத்தால் என்ன, எண்ணெய் கம்பெனிக்குப் பணமா இல்லை?" என்று மாமா கேட்பார். ஆளை வைக்க வேண்டியது நிலையத்தை நடத்தும் டீலர். விலையை அரசாங்கம் முடிவு செய்கிறது, டீலர் தன் இஷ்டத்துக்கு ஒரு காசு ஏற்ற முடியாது. 2019-இல் பெட்ரோலுக்கு டீலர் கமிஷனை லிட்டருக்கு 15 காசாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் நான் 40 லிட்டர் ஊற்றினால் அவருக்கு 6 வெள்ளி. கார்டு கட்டணம், மின்சாரம், கடைச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரே ஒரு ஆளின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மட்டும் 11,000 லிட்டருக்கு மேல் விற்றாக வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் நிலையத்துக்கு ஒரு ஆள் எந்த மூலைக்கு? இத்தாலி மாதிரி நாடுகளில் ஆள் ஊற்றும் வரிசைக்குத் தனி விலை, கூடுதல் விலை. இங்கே அப்படி வைத்தால் மாமாவே முதல் ஆளாக மலிவு வரிசைக்குப் போய் நிற்பார்.

இனி, பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். இங்கே நாம் செய்வதில் ஊற்றுவதுதான் சுலபமான பகுதி. இறங்கி, காரைப் பூட்டி, கடைக்குள் போய் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் இருப்பவர் டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் பணம் ஏற்றுவார், அதற்கு முன்னால் இருப்பவர் சிகரெட்டுக்குச் சில்லறை தேடுவார். நம் முறை வந்ததும் "பம் தூஜோ, லீமா பூலோ" (ஏழாம் பம்ப், ஐம்பது வெள்ளி) என்று மலாயில் சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்ப நடக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின இரவில் தாப்பா ஓய்வுத் தலத்து நிலையத்தில் நின்று பாருங்கள். கார்கள் எண்ணெய்க்காக நிற்கவில்லை, காசு கட்டப் போனவர்கள் திரும்புவதற்காக நிற்கின்றன. பெண்கள் இரவில் பயப்படுவதும் ஊற்றும் அந்த இரண்டு நிமிடத்துக்கு இல்லை. காரை விட்டுத் தள்ளிப் போகும் அந்த நேரத்துக்குத்தான். சீட்டில் கைப்பை, சில நேரம் பின்சீட்டில் தூங்கும் பிள்ளை. சாவியைக் காரிலேயே விட்டுப் போனால் நடப்பதை நாம் காணொளிகளில் பார்க்கிறோம்.

பம்ப்பிலேயே கார்டைப் போடலாமே என்றால், போடலாம். ஐம்பது வெள்ளிக்கு ஊற்றினாலும் முதலில் 200 வெள்ளியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். மீதி திரும்பி வர நாள் எடுக்கும். மாதக் கடைசியில் டெபிட் கார்டில் இருநூற்றிருபது வெள்ளி வைத்திருப்பவர் என்ன செய்வார்? கடைக்குள்தான் போவார். கைப்பேசிச் செயலியில் கட்டுவது நல்ல வழி, நான் அப்படித்தான் செய்கிறேன். காருக்குள் உட்கார்ந்தபடியே கட்டிவிட்டு இறங்கினால் போதும். பம்ப் தூணில் கைப்பேசி கூடாது என்ற படம் இன்னும் ஒட்டியிருப்பதும், அதற்குக் கீழேயே செயலியைப் பதிவிறக்கச் சொல்லும் விளம்பரம் இருப்பதும் தனிக்கதை.

2025 செப்டம்பர் கடைசியில் பூடி 95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்த பிறகு ஆள் ஊற்றும் பேச்சுக்கே அர்த்தம் போய்விட்டது என்பது என் எண்ணம். லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் என்று அறிவித்துத் தொடங்கினார்கள். அந்த விலை வேண்டுமானால் மைகார்டு என்ற நம் அடையாள அட்டையைச் செருகித் தகுதியைக் காட்ட வேண்டும், அல்லது செயலியில் செய்ய வேண்டும். கண்ணாடியை இறக்கி அடையாள அட்டையை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு மாமா நிம்மதியாக உட்கார்ந்திருப்பாரா? போட்டோஸ்டாட் கடையிலேயே அட்டையைக் கண்ணை விட்டு விலக்காத மனுஷர் அவர்.

ஆனால் அப்பா விஷயம் வேறு. முழங்கால் வலி. காரை விட்டு இறங்கி நிமிர்ந்து நிற்கவே அவருக்கு நேரம் பிடிக்கும். கடைக்குள் படியேறி, வரிசையில் நின்று, திரும்பி வருவது நடக்கிற காரியமில்லை. பட்டர்வொர்த்தில் அவர் வழக்கமாகப் போகும் நிலையத்தில் ஒரு வங்காளதேசத் தம்பி இருக்கிறான். அப்பாவின் பழைய வீரா காரைப் பார்த்ததுமே வெளியே வந்துவிடுவான். அப்பா இறங்காமலே நோட்டையும் அட்டையையும் நீட்டுவார், அவன் ஓடிப்போய்க் கட்டி, ஊற்றி, அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "ஓகே அங்கிள்" என்பான். அந்தத் தம்பி லீவு போட்டால் அப்பா எண்ணெய் ஊற்ற மறுநாள் போவார். அவன் ஊருக்கே திரும்பிவிட்டால்? வேறொரு நிலையத்தில் அவர் ஹார்ன் அடித்தபோது உள்ளே இருந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். பின்னால் நின்ற கார்க்காரர் பதிலுக்கு ஹார்ன் அடித்தார்.

அப்பா மாதிரி ஆட்களுக்காக எல்லா பம்ப்புக்கும் ஆள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கவுண்ட்டருக்கு மிக அருகிலுள்ள ஒரே ஒரு பம்ப்பை முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கலாம். கார்க் கண்ணாடி உயரத்தில், உட்கார்ந்தபடியே எட்டும் இடத்தில் ஒரு அழைப்பு மணி. அழுத்தினால் கடைக்குள் ஒலிக்க வேண்டும், இருப்பவர்களில் ஒருவர் வெளியே வர வேண்டும். மைகார்டு படிக்கும் கருவியைக் கையோடு கொண்டுவந்தால் அட்டையும் உரியவர் கையை விட்டுப் போகாது. புதிதாக ஆள் எடுக்க வேண்டாம், எண்ணெய் விலையில் ஒரு காசு ஏற வேண்டாம். மணியின் விலை என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தப் பதிவை மாமா பார்ப்பார் என்று தெரியும். மாமா, திட்டுவதாக இருந்தால் குடும்பக் குழுவில் வேண்டாம், இங்கேயே திட்டுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செபெராங் பிறையிலோ பாயான் லெப்பாஸ் பக்கத்திலோ முதியவர்களைக் கண்டால் ஆள் வெளியே வரும் நிலையம் எது தெரிந்தாலும் கீழே எழுதுங்கள். அப்பாவுக்கு இரண்டாவதாக ஒரு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.