அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் விருது ஸ்வீடன் புத்தகங்களுக்கு மட்டுமானதல்ல

"புது ஸ்வீடன் சிறார் நூல்கள் வேண்டுமா? அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருதுப் பட்டியலைப் பாருங்கள், அந்தந்த வருடத்தின் சிறந்த ஸ்வீடிஷ் புத்தகம் அதில் இருக்கும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இதை நம்பித் தேடினால் ஏமாற்றம்தான்.

ஸ்வீடனின் சிறார் எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவாக அந்நாட்டு அரசு 2002-இல் நிறுவிய இந்த விருது உலகம் முழுமைக்குமானது. தனிப் புத்தகத்துக்குத் தருவதும் இல்லை. எழுத்தாளர், ஓவியர், கதைசொல்லி, வாசிப்பை வளர்க்கும் அமைப்பு ஆகியோரின் பல ஆண்டுப் பணிக்குத் தருகிறார்கள். 2020-இல் பெற்றவர் கொரியாவின் பெக் ஹீனா. ஸ்வீடன்காரர்களில் 2014-இல் பார்ப்ரோ லிண்ட்கிரென், 2022-இல் ஏவா லிண்ட்ஸ்ட்ரோம் பெற்றார்கள்.

புது ஸ்வீடன் சிறார் நூல்களைத் தேடுவதற்குப் பொருத்தமானது, ஸ்வீடனில் அவ்வருட நூல்களுக்குத் தரும் 'ஆகஸ்ட் விருது'. அதில் சிறார், இளையோர் நூல்களுக்குத் தனிப் பிரிவு 1992 முதல் உண்டு. அக்டோபரில் ஆறு நூல்களின் பட்டியல், நவம்பரில் வென்ற நூல். அந்த ஆறையும் பாருங்கள். வென்றதை மட்டும் எடுத்தால் நல்ல படப்புத்தகங்கள் கைநழுவிப் போகும். ஒரு வருட வெளியீடுகளின் மொத்தப் போக்கு தெரிய, ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்வீடன் சிறார் நூல் நிறுவனம் வசந்தகாலத்தில் வெளியிடும் ஆண்டு மதிப்பாய்வு இருக்கிறது.

இன்னொன்று: ஆங்கில மொழிபெயர்ப்பின் தேதியை வைத்துப் "புதுசு" என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்வீடன் எழுத்தாளர் யாக்கோப் வெகெலியுஸின் 'கொலைகாரனின் குரங்கு' ஸ்வீடிஷில் 2014-இலேயே வந்து அவ்வருட ஆகஸ்ட் விருதையும் வாங்கிவிட்டது. அதன் ஆங்கிலப் பதிப்புக்கு அமெரிக்காவில் மொழிபெயர்ப்புச் சிறார் நூலுக்கான பேட்செல்டர் விருது கிடைத்தது 2018-இல். பதிப்புரிமைப் பக்கத்தில் மூல வெளியீட்டு ஆண்டு இருக்கும், அதைப் பாருங்கள்.