இந்த வலிப்புக்கு மட்டும் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

பிள்ளைக்கு வலிப்பு வந்தால் நிபுணரைப் பார்க்கும் தேதி வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்னும் கைக்குழந்தை வலிப்பு விஷயத்தில் அது ஆபத்து; சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும்.

பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கும். தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் கவிழும், இரு கைகளும் விரியும், ஓரிரு விநாடியில் விட்டுவிடும். சில விநாடி கழித்து மறுபடியும், வரிசையாக. சத்தத்துக்குத் திடுக்கிடுவது இப்படித் தொடராது. வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நாள் கடத்திவிடாதீர்கள், பாவம் அந்தப் பிள்ளை.

போர்வையை விலக்கி, முழு உடம்பும் தெரிய, ஒரு வரிசை முடியும்வரை போனில் படம் பிடியுங்கள். அன்றைக்கே குழந்தைகள் பிரிவுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அதைக் காட்டுங்கள். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் குழந்தை நரம்பியல் பிரிவு உண்டு.

இஇஜி (மூளை அலைப் பதிவு) எடுக்கும்போது பிள்ளை தூங்கவும் வேண்டும்; விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தால் மாற்றம் தென்படாமல் போகலாம். முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டுங்கள். எண்ணெய் வைத்தால், அலையைப் பதிவதற்குத் தலையில் ஒட்டும் மின்முனை ஒட்டாது.

ஏசிடிஎச் என்னும் ஹார்மோன் ஊசி, அதிக அளவு பிரட்னிசலோன் (ஸ்டீராய்டு), வலிப்பு மருந்தான விகாபாட்ரின்: இவைதாம் முதல் மருந்துகள். தோலில் வெளிறிய திட்டுகள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்னும் மரபணு நோய் என்றால் விகாபாட்ரினே முதல் தேர்வு. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவே கூடாது. சுமார் 2 வாரத்தில் மறுபடி இஇஜி கேளுங்கள். அசைவு நின்றாலும் மூளை அலை சீராகியிருக்காது சில பிள்ளைகளுக்கு.