எசெக்சின் ஓக் சுவர்கள்
இடைக்கால இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்கள் அனைத்தும் கல்லால் எழுந்தவை என்ற கருத்தை ஏற்பதற்கில்லை. நல்ல கட்டடக்கல் அரிதாகவே கிடைக்கும் எசெக்ஸ் பகுதியில் மரமே கைகொடுத்தது. அங்குள்ள கிரீன்ஸ்டெட் தேவாலயத்தின் நடுக்கூடச் சுவர்கள், ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து, வளைந்த பக்கம் வெளியேயும் தட்டையான பக்கம் உள்ளேயும் அமைய, ஒன்றையொட்டி ஒன்றாக நிறுத்தி எழுப்பப்பட்டவை. மரவளையங்களை ஆராய்ந்தவர்கள் அவற்றை 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியவை என்கின்றனர். அடுத்தடுத்த மரங்களின் விளிம்புகளில் காடி வெட்டி, அதில் மெல்லிய ஓக் சட்டத்தைச் செருகி, காற்றும் மழையும் புகாதபடி இணைத்த தச்சர்களின் நேர்த்தி எந்தக் கற்சிற்பியின் திறனுக்கும் குறைந்ததன்று. இன்று கீழே காணும் செங்கல் அடித்தளம், இற்றுப்போன அடிப்பாகங்களை வெட்டியெடுத்த 19ஆம் நூற்றாண்டுத் திருப்பணியில் சேர்ந்தது. அதே மாவட்டத்துப் பிளாக்மோரில் 1400ஐ ஒட்டி எழுந்த மணிக்கூண்டும் முழுக்க மரவேலையே.