முட்டி போடுவது வெளிவேஷமா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருந்தார். சிலுவை போடுவது, முட்டி போடுவது, தீர்த்தம் தெளிப்பது, சாம்பிராணி காட்டுவது எல்லாம் வெளிவேஷமாம். தேவன் ஆவியாயிருக்கிறார், ஆவியோடும் உண்மையோடும்தான் தொழ வேண்டுமாம், யோவான் 4:24. கீழே வரிசையாக ஆமென். நான் தர்மபுரிப் பக்கத்து ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கன். மனைவி கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்த லுத்தரன், மார்ட்டின் லுத்தர் வழி வந்த புரொட்டஸ்டன்ட் சபை. குழுவில் சண்டை வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வசனம். கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண் இயேசுவிடம் கேட்டது, இந்த மலையில் தொழுவதா, எருசலேமில் தொழுவதா என்று. முட்டி போடலாமா கூடாதா என்று அவள் கேட்கவே இல்லை. அதே இயேசு கெத்சமனேயில் முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். பிறவிக் குருடனுக்குத் துப்பி, சேறு உண்டாக்கி, கண்ணில் பூசினார். ஒரு வார்த்தை சொன்னாலே பார்வை வந்திருக்கும். எச்சிலும் மண்ணும் எதற்கு? பவுலும் ரோமர் 12-ல் சரீரங்களை ஜீவபலியாகக் கொடுங்கள் என்கிறார், அதைத்தான் ஆராதனை என்கிறார். சரீரத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆவியை மட்டும் அனுப்புங்கள் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

சரி, அப்படியானால் சண்டை எதைப் பற்றி? உடம்பைப் பற்றியது அல்ல என்பது என் கருத்து. தண்ணீர், எண்ணெய், அப்பம், கை வைத்தல் இவற்றின் வழியாகக் கடவுளின் அருள் வருமா, அல்லது இவை வெறும் நினைவூட்டல்தானா என்பதுதான் கேள்வி. வரும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. கி.பி. 200-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், மீட்பு என்ற கதவு சுழலும் கீலே இந்த மாம்சம்தான் என்று எழுதினார். ஆன்மா சுத்தமாக வேண்டும் என்றால் முதலில் உடம்பு கழுவப்படுகிறது என்பது அவர் வாதம். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன சீர்திருத்தக்காரர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. 16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பாவமன்னிப்புச் சீட்டும் புனிதர்களின் எலும்பும் காசாக மாறிப்போயிருந்தன. பொருளிலேயே ஜனங்கள் நின்றுவிடுவார்கள் என்று அவர்கள் பயந்தது வீண் பயம் அல்ல.

ஆனால் புரொட்டஸ்டன்ட் என்று எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட முடியாது. 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் லுத்தரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தக்காரர் சுவிங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்து வாதம் செய்தார்கள். அப்பம் ஓர் அடையாளம்தான் என்றார் சுவிங்லி. "இது என் சரீரம்" என்று லத்தீனில் மேசை மேல் சாக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு லுத்தர் கடைசிவரை அசையவில்லை. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் முதன்முதலில் வேலை தொடங்கியது நம் கிருஷ்ணகிரியில்தான், 1895-ல். தொடங்கி வைத்த நேத்தர் ஐயர் 1904-ல் பிளேக் வந்து இங்கேயே இறந்தார். அந்த வழியில் வந்த மச்சானுடைய சபையின் போதனைப்படி, திருவிருந்து (இராப்போஜனம்) அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறது. இந்த விஷயத்தில் அவர் பக்கத்து ஊரான எலத்தகிரிக் கத்தோலிக்கருக்குக் கிட்டத்தில் நிற்கிறார். தெருமுனைப் பெந்தெகொஸ்தே சபைக்கு வெகு தூரத்தில் நிற்கிறார். இதை அவரிடம் சொன்னால் ஒரு வாரம் பேச மாட்டார்.

இன்னொரு வேடிக்கை. இன்றைக்கு லுத்தரன், சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பீடத்தைச் சுற்றிய கம்பிக்கு முன்னால் முழங்கால் போட்டுத்தான் இராப்போஜனம் வாங்குகிறார்கள். உடம்புக்கு மரியாதை கொடுக்கிற எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றபடி நன்மை (இராப்போஜன அப்பத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர்) வாங்கிக்கொண்டு, நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொண்டு, அப்படியே வண்டி எடுக்கப் போகிறார்கள். 1552-ம் வருஷத்து ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப் புத்தகத்தில், முழங்கால் போடுவதால் அப்பத்தை வணங்குகிறோம் என்று அர்த்தமில்லை என்று தனியாக ஒரு குறிப்பே போட வேண்டி வந்தது. முழங்கால் அத்தனை பேசும்!

பெந்தெகொஸ்தே சபைகளைக் கேட்கவே வேண்டாம். கை உயர்த்துகிறார்கள், குதிக்கிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள், தலையில் கை வைத்து ஜெபிக்கிறார்கள், உபவாசம் இருக்கிறார்கள், நகையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சேலையில் முக்காடு போட்டு உட்காருகிறார்கள். இந்த ஜில்லாவிலேயே ஞாயிற்றுக்கிழமை உடம்பை அதிகம் அசைக்கிற கிறிஸ்தவர்கள் அவர்கள்தான். ஆவி ஏவும்போது அசைகிறோம், நீங்கள் மணியடித்ததும் அசைகிறீர்கள் என்பார்கள். பாதி நியாயம். பழகிப்போன கை நெற்றிக்கும் மார்புக்கும் கொசு விரட்டுகிற வேகத்தில் போய் வருவதை எங்கள் கோயிலில் தினமும் பார்க்கலாம்.

போன வருஷம் என் பெரியம்மா இறந்தபோது மனைவியின் சித்தப்பா வந்திருந்தார். பெரியம்மாவின் விரல்களில் செபமாலையைச் சுற்றி வைத்திருந்தோம். சாமியார் தீர்த்தம் தெளித்து, பெட்டியைச் சுற்றித் தூபம் காட்டி, நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் போட்டோம். பனிப்பெட்டியில் வைத்திருந்ததால் நெற்றி சில்லென்று இருந்தது. "ஆவி போயிடுச்சு, கூட்டுக்கு எதுக்கு மாப்பிள்ளை புகை?" என்று சித்தப்பா காதோரம் கேட்டார். அங்கே வைத்து என்ன பேசுவது? இப்போது சொல்கிறேன். அந்த நெற்றியில்தான் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்தது, உறுதிபூசுதல் எண்ணெய் பட்டது, கடைசியில் நோயில் பூசுதலும் பட்டது. அந்த நாக்கில்தான் ஆயுள் முழுக்க நன்மை வைத்தார்கள். ஆண்டவர் வந்து போன இடம் என்று நாங்கள் நம்புகிறோம், அதனால் புகை. சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசப் பிரமாணத்தில் சித்தப்பாவும் வாரா வாரம் சொல்கிறார். வெறும் கூடு என்றால் எழுந்து என்ன ஆகப்போகிறது? கல்லறையில் மூன்று பிடி மண் போடும்போது அவர் குனிந்து, மண்ணில் இருந்த கல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் போட்டார். எனக்கு அவர் மேல் கோபம் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு வார்த்தைகூட ஜெபமாக வரவில்லை. சொந்த வார்த்தையில் ஜெபியுங்கள் என்று சொல்கிற கூட்டத்தில் இருந்திருந்தால் ஊமையாகத்தான் உட்கார்ந்திருப்பேன். செபமாலை மணியை உருட்டினேன், விரல் ஜெபித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதே சமயம், முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட எங்கள் பங்கு ஆச்சி ஒருவர், "நாற்காலியில உக்காந்து பூசை கண்டா செல்லுமா சாமி?" என்று கண் கலங்கக் கேட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அவருக்கு மச்சானுடைய யோவான் 4:24 தான் தேவை. அதை எங்கள் சாமியாரே எடுத்துச் சொன்னார்.

நம் ஊர் உடம்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதையும் மறக்கக் கூடாது. ஒற்றை முழங்கால் போடுவதற்குப் பதில் கை கூப்பி வணங்கலாம், தரையில் உட்காரலாம், செருப்பைக் கழற்றலாம், முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று 1969-ல் ரோமாபுரியே இந்தியாவுக்கு அனுமதி கொடுத்தது. எங்கள் பாட்டிமார் அதையெல்லாம் எப்போதிருந்தோ செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

என் மகள் இரண்டு கோயிலுக்கும் போவாள். அம்மா வீட்டுச் சபையில் ஜெபம் முடிந்து சிலுவை போட்டதற்கு ஒரு பெரியவர், "இதெல்லாம் ஆர்.சி. பழக்கம்மா, இங்க வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டாள். லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள், முழங்கால் போட்டோ நின்றோ விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் சொல் என்று அவரே அதில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரிடம் காட்டப் போகிறாளாம். காட்டு, ஆனால் முதலில் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.