பீத்தோவன் பெட்டியை நாலிலும் எட்டிலும் தட்டிப் பாருங்கள்

பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் ஒரே கண்டக்டர் (வாத்தியக் குழுவை நடத்துபவர்) பதிவுசெய்து, பெட்டியாக விற்கும் தொகுப்புகளில் எது உசத்தி என்று பேச்சு வந்தாலே, சண்டை ஐந்தாவதிலும் ஒன்பதாவதிலும்தான் நடக்கும். தப்பான இடம். அந்த இரண்டையும் அடியோடு சொதப்பிய பெரிய கண்டக்டர் அபூர்வம். மொத்தக் குழுவும் உயிரைக் கொடுத்து வாசித்திருக்கும். ஒரு தொகுப்பின் யோக்கியதையை நாலாவதும் எட்டாவதும்தான் காட்டிக்கொடுக்கும்.

நாலாவதின் கடைசிப் பகுதியை எடுங்கள். தலைப்பில் 'விரைவாக, ஆனால் ரொம்ப இல்லை' என்று இருக்கிறது. மெட்ரோனோம் குறிப்போ, அதாவது பீத்தோவன் எண்ணாகக் கொடுத்த வேகம், நிமிடத்துக்கு 80 பார் (தாளக் கட்டம்) கேட்கிறது. பாருக்கு எட்டு ஸ்வரம் என்றால் வினாடிக்குப் பத்துக்கும் மேல். ஆரம்ப மெட்டு திரும்பி வரும் இடத்தில் இந்த ஓட்டம் திடீரென்று ஒற்றை பஸூனின் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் ஊதுவாத்தியம்) தலையில் விழுகிறது. வயலினில் மணிக்கட்டை ஆட்டிச் சமாளிக்கலாம். பஸூன்காரர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்ட வேண்டும், அதையும் இனிமையாகத் தட்ட வேண்டும். கண்டக்டர் மெட்ரோனோம் எண்ணையே பிடித்துக்கொண்டு ஓடினால் அந்த இடம் குழகுழவென்று ஆகிவிடும். பயந்து நிதானித்தால் நகைச்சுவை செத்துவிடும். ஸ்வரங்கள் தனித்தனியாகவும் கேட்டு, சிரிப்பும் வந்தால் அந்தக் கண்டக்டரை நம்பலாம்.

எட்டாவதில் சோதனை முதல் பகுதியிலேயே. முதல் மெட்டு திரும்பும்போது அது செல்லோ, டபுள் பாஸ், பஸூன் என்று தாழ்ந்த சுருதி வாத்தியங்களின் கையில் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் சேர்த்து மூன்று எஃப் (முடிந்தவரை உரக்க என்ற குறி) போட்டிருக்கிறார் பீத்தோவன். மேலே டிரம்பெட்டும் டிம்பனி முரசும் வயலின்களும் இடிக்க, கீழே மெட்டு மூழ்கிவிடுகிறது. பழைய கண்டக்டர்கள் மற்றவர்களை அடக்கி இதைச் சமாளித்தார்கள். பீத்தோவன் காலத்து வாத்தியங்களை வாசிக்கும் குழுக்களில் பித்தளை ஊதுவாத்தியங்களின் குழல் குறுகல், ஒலி கனமில்லாமல் கூர்மையாக வரும். அதனால் அடியில் இருப்பதும் தெரியும். நவீனக் குழுவில் இதைச் சாதிக்கக் கண்டக்டருக்குக் காது வேண்டும். கிளீவ்லண்ட் குழுவை நடத்திய ஜார்ஜ் ஸெல்லுக்கு அது இருந்தது.

அடுத்து, பெட்டியின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் நிமிடக் கணக்கு. அதை வைத்து 'இவர் வேகம், அவர் மெதுவு' என்று எழுதுபவர்கள் ரிப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். எரோய்க்கா என்ற மூன்றாவது சிம்பொனியின் முதல் பகுதி 691 பார். பீத்தோவன் கேட்டபடி நிமிடத்துக்கு 60 பார் போனால் பதினொன்றரை நிமிடம். ஆரம்பப் பகுதியை மறுபடி வாசித்தால் இன்னும் இரண்டரை நிமிடம். ரிப்பீட் இல்லாமலே 16 நிமிடத்தைத் தாண்டும் கண்டக்டர் கிளெம்பரரின் 1959 பதிவும், ரிப்பீட்டோடு வாசிக்கும் கார்டினரும் அச்சில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். காதில் விழும் வேகமோ மலைக்கும் மடுவுக்கும்.

முதல் எட்டு சிம்பொனிகளுக்கான மெட்ரோனோம் எண்கள் 1817-லேயே வெளியானவை. 1980-களின் கடைசியில் கண்டக்டர் நாரிங்டன் வந்துதான் அவற்றைக் கண்டெடுத்தார் என்று பேசுவது வேடிக்கை. 1961-லேயே லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து ரெனே லைபோவிட்ஸ் அந்த எண்களை ஒட்டிப் பதிவுசெய்துவிட்டார். வித்தியாசம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒன்பதாவதின் மூன்றாம் பகுதி போதும்: நாரிங்டனிடம் சுமார் 11 நிமிடம், ஃபுர்ட்வெங்லர் 1951-ல் ஜெர்மனியின் பைராய்ட்டில் நடத்திய பதிவில் 19-க்கும் மேல். இரண்டுமே எனக்கு வேண்டும்.

ஃபுர்ட்வெங்லர் பெயரில் விற்கும் 'முழுத் தொகுப்பு' தொகுப்பே அல்ல. 1950-களில் வியன்னாவில் பதிவானவற்றோடு, 1948 லண்டன் நிகழ்ச்சியிலிருந்து இரண்டாவது, அதே வருட ஸ்டாக்ஹோம் நிகழ்ச்சியிலிருந்து எட்டாவது, பைராய்ட்டிலிருந்து ஒன்பதாவது என்று ஒட்டுப்போட்டது. இரண்டாவதின் ஒலி படுமோசம். அதை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம்.

யார் ஸ்வரச்சுவடியைத் திருத்தினார்கள் என்று பார்க்க இரண்டு இடம் போதும். ஐந்தாவதின் முதல் பகுதியில் ஹார்ன் முழங்கும் இடம் பிற்பாதியில் திரும்பும்போது பீத்தோவன் பஸூனுக்குக் கொடுத்திருக்கிறார். அன்றைய வால்வு (சுருதி மாற்றும் விசை) இல்லாத ஹார்ன் அந்தச் சுருதிக்குச் சட்டென்று மாற முடியாது. அங்கே மறுபடி ஹார்ன் கேட்டால் கண்டக்டர் மாற்றியிருக்கிறார். எரோய்க்கா முதல் பகுதி முடிவில் டிரம்பெட் மெட்டைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விலகுவதுதான் அசல். கடைசிவரை முழங்கினால் அது பின்னால் வந்த வழக்கம். ஆனால் 'புதிய பதிப்பு' என்ற முத்திரையும் முழு உத்தரவாதமில்லை. டேவிட் ஜின்மனின் சூரிக் தொகுப்பு ஜோனதன் டெல் மார் சரிபார்த்த ஸ்வரச்சுவடிப் பதிப்பைச் சொல்லித்தான் விற்றது. அதில் கேட்கும் காற்று வாத்திய அலங்காரங்கள் பதிப்பில் இல்லை, ஜின்மன் சேர்த்தவை. நன்றாகவே இருக்கின்றன, அது வேறு விஷயம்.

ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் இரண்டாம் வயலின் எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். கிளெம்பரர் அவர்களை வலப்பக்கம் உட்காரவைத்தார். ஏழாவதின் கடைசிப் பகுதியில் இரண்டு வயலின் அணிகளும் எதிரெதிரே பந்து வீசிக்கொள்வது அவரிடம் தெரியும். எல்லா வயலினும் இடப்பக்கமே இருந்தால் பேச்சுவார்த்தை முணுமுணுப்பாகிவிடும். அவர் வேகம் பிடிக்காதவர்கள்கூட இதற்காக ஒருமுறை கேட்கலாம்.

ஒப்பிடும்போது முதலில் ஒலியளவைச் சமப்படுத்துங்கள். கொஞ்சம் உரக்க இருப்பதுதான் 'உயிரோட்டமாக' கேட்கும். பழைய பதிவை மெருகேற்றி விற்கும் ரீமாஸ்டர்களின் பாதி மவுசு அதில்தான். ஸ்ட்ரீமிங்கில் பகுதிகளுக்கு இடையே இடைவெளி விழாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதின் மூன்றாம் பகுதி மூச்சுவிடாமல் நாலாம் பகுதிக்குள் பாய வேண்டும். ஆறாவதின் கடைசி மூன்று பகுதிகளும் ஒரே தொடர். அரை வினாடி மௌனம் விழுந்தாலும் கண்டக்டர் கட்டியது இடிந்துவிடும்.

கண்டக்டர் கரயானின் பெட்டி வாங்குபவர்கள் வருடத்தைப் பாருங்கள். பெர்லின் குழுவோடு மட்டும் மூன்று ஸ்டுடியோ தொகுப்புகள், மூன்றும் ஒரே நிறுவனம். ஒன்பதாவதின் கடைசிப் பகுதியில் பாடுபவர்களில் யானோவிட்ஸ் இருந்தால் 1962, தோமோவா-ஸிந்தோவ் என்றால் 70-கள், ஜானெட் பெரி என்றால் 80-கள். 1962-ஐ எடுங்கள், அதிலும் ஆறாவது அவசரம், அதன் மூன்றாம் பகுதியான குடியானவர் ஆட்டத்தில் ரிப்பீட்டையே வெட்டிவிட்டார்.

ஒரே ஒரு பெட்டி என்றால் ஹார்னன்கோர்ட்டும் ஐரோப்பிய சேம்பர் ஆர்கெஸ்ட்ராவும் 1990-91-ல் பதிவுசெய்தது. நவீன வாத்தியங்கள், டிரம்பெட் மட்டும் வால்வு இல்லாதது. நாலும் எட்டும் அதில் தேறிவிடுகின்றன. ஆறாவதுக்கு மட்டும் கார்ல் போம், வியன்னா, 1971.