கொலையாளிக்கு முன்னால் இறந்தவருக்குப் பெயர் வேண்டும்

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி ஒரு செய்தி வரும். நாலைந்து வரிதான் இருக்கும். சாலையோரப் பள்ளத்தில் அடையாளம் தெரியாத ஆண் பிணம். சுமார் 45 வயது மதிக்கத்தக்கவர். கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை. கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின் பேரில் போலீசார் வழக்குப் பதிந்து, இறந்தவர் யார், எந்த ஊர் என்று விசாரித்து வருகின்றனர். இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தொப்பூர் கணவாய், ஒரு நாள் மொரப்பூர் தண்டவாளம், ஒகேனக்கல் ஆற்றங்கரை, சூளகிரி நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில். 'ஆள் யாரென்று தெரிந்தது' என்று பிறகு வருகிற செய்தி மிக அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் முப்பது நாற்பது வருடம் கிடப்பில் கிடந்த கொலை வழக்குகளை டி.என்.ஏ.வையும் வம்சாவளியையும் வைத்துக் கண்டுபிடிக்கிற வீடியோக்களை நண்பர்கள் சிலர் தொடர்ந்து பகிர்கிறார்கள். நம் ஊரிலும் இதைச் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். போலீஸ் வழக்கமாகச் செய்கிற டி.என்.ஏ. ஒப்பீட்டில் இருபது சொச்சம் இடங்களைத்தான் பார்ப்பார்கள். 'இது இவருடையதா, இவருடைய அப்பா அம்மாவுடையதா, பிள்ளையுடையதா' என்ற கேள்விக்கு அது போதும். வம்சாவளி முறையில் பல லட்சம் இடங்களைப் பார்க்கிறார்கள். அதனால் தூரத்து உறவுகூடப் பிடிபடும். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகளுக்குள் சுமார் 12.5 சதவீத மரபணு பொதுவாக இருக்கும். எள்ளுத்தாத்தா வழியில் மட்டும் உறவு என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவானதைப் பிடித்துக்கொண்டு, அந்த எள்ளுத்தாத்தாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கீழே இறங்கி, வயதும் ஊரும் ஒத்துவருகிற ஆளைத் தேடுகிறார்கள்.

கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் 13 கொலைகளும் ஏராளமான பாலியல் வன்முறைகளும் செய்த ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ, 2018 ஏப்ரலில் இப்படித்தான் பிடிபட்டார். சம்பவ இடத்து மாதிரியை 'ஜெட்மேட்ச்' என்ற தளத்தில் ஏற்றினார்கள். பொதுமக்கள் தங்கள் சொந்தக்காரர்களைத் தேடுவதற்காக வைத்திருந்த தளம் அது. கிடைத்ததெல்லாம் தூரத்து உறவுகள். 1800களின் தொடக்கத்தில் வாழ்ந்த மூதாதையர் வரை மேலே போய், அங்கிருந்து கிளை கிளையாக இறங்கி வந்தார்கள். பார்பரா ரே-வென்டர் என்ற ஓய்வு பெற்ற காப்புரிமை வழக்கறிஞர் அந்த மரத்தை வரைய உதவினார். கடைசியில் ஒரு ஆள் மிஞ்சினார். அவருடைய கார்க் கதவின் கைப்பிடியிலிருந்தும் குப்பையில் போட்ட டிஷ்யூ காகிதத்திலிருந்தும் மாதிரி எடுத்து, வழக்கமான முறையில் ஒப்பிட்ட பிறகுதான் கைது. வம்சாவளி காட்டியது ஆளைத்தான். ஆதாரம் என்று நின்றது நேரடி ஒப்பீடு. வீடியோ பார்க்கிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. அந்த ஆள் குற்றங்களைத் தொடங்கிய காலத்தில் போலீஸ்காரர். 1979ல் கடையில் திருடியதற்காகத்தான் வேலையை விட்டு நீக்கினார்கள்.

இதை அப்படியே நம் ஊரில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? அங்கே குடும்பப் பெயர் இருக்கிறது, தேவாலயப் பதிவேடு இருக்கிறது, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு விவரம் பெயரோடு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நமக்கு இருப்பது இனிஷியல். தாத்தாவின் அப்பா பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் வம்சாவளி இல்லாத சமூகம் இல்லை நாம். எங்கள் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும்போது, எண்பது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டார் பஞ்சத்தில் கிளம்பி கர்நாடகா பக்கம் போனார்கள், யார் வாரிசில்லாமல் போனார், யாரைத் தத்து எடுத்தார்கள் என்று தாளில்லாமல் சொல்வார். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கிற கிழவியைப் பார்ப்பார், அவர் திருத்துவார். நம்முடைய பதிவேடு அதுதான். எழுதி வைக்காததால் வருடா வருடம் கரைந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் சொந்தத்தில் கல்யாணம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஒரே மூதாதையர் அப்பா வழியிலும் வருவார், அம்மா வழியிலும் வருவார். அதனால் நாலாவது தலைமுறையில் பிரிந்த இரண்டு பேர், அதைவிட நெருங்கிய சொந்தக்காரர்களைப் போலக் கணக்கில் தெரியலாம். அமெரிக்காவில் போட்ட கணக்கை இங்கே அப்படியே போட்டால் தப்பான வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

தப்பான கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரே வழக்கில் பதில் இருக்கிறது. ஐடஹோ மாநிலத்தில் 1996ல் 18 வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். ஒரு இளைஞனைப் பிடித்து மணிக்கணக்கில் விசாரித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். சம்பவ இடத்து டி.என்.ஏ. அவனுடையது இல்லை என்று தெரிந்தும் தண்டனை கிடைத்தது. 2014ல் போலீஸ் அந்த மாதிரியைப் பொது மரபணுத் தளம் ஒன்றில் தேடியது. வம்சாவளி ஆய்வுக்காக எப்போதோ மாதிரி கொடுத்திருந்த ஒருவரோடு ஓரளவு ஒத்துப்போனதால், நியூ ஆர்லியன்ஸில் படம் எடுத்துக்கொண்டிருந்த அவருடைய மகன் சந்தேகத்துக்கு ஆளானார். மாதிரி எடுத்துப் பார்த்தால் அவர் இல்லை. 2019ல் முழுமையான வம்சாவளி முறையில் தேடியபோதுதான் உண்மையான ஆள் சிக்கினார். கொலை நடந்த சமயத்தில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எதிரே குடியிருந்தவர். முதலில் தண்டனை பெற்ற அந்த இளைஞர் இருபது வருடம் சிறையில் இருந்துவிட்டு 2017ல் வெளியே வந்திருந்தார்; அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். அவர் விடுதலைக்காகப் போராடியவர்களில் கொல்லப்பட்ட பெண்ணின் அம்மாவே முன்னால் நின்றார். விசாரணை வீடியோவைப் பார்த்துவிட்டு, என் மகளைக் கொன்றவன் இவன் இல்லை என்று முடிவுக்கு வந்தவர் அவர். இந்த மொத்த விஷயத்திலும் என்னை அதிகம் பாதித்தது அந்த அம்மாதான்.

நம் தமிழ்நாட்டு அனுபவத்துக்கு வருவோம். தேனி சுருளி அருவி அருகே 2011ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டவரை, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரியை எடுத்ததிலிருந்து ஆய்வகம் போய்ச் சேர்ந்தது வரை யார் கையில் இருந்தது, எப்படி வைத்திருந்தார்கள், ஏன் தாமதம் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், கை மாறுகிற ஒவ்வொரு இடமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அந்தத் தீர்ப்பில் உத்தரவு போட்டார்கள். கொல்லப்பட்ட இருவரின் வீட்டாருக்கு இதில் என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்திருந்தாலும், ஒரு உறையை ஒழுங்காகச் சீல் வைத்து, குளிர்பெட்டியில் வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்பவில்லை என்றால் அதற்கு மதிப்பு இல்லை.

மக்கள் ஏன் ரத்தம் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி வழக்கில் முப்பது பேருக்கு மேல் மாதிரி எடுத்தார்கள். பாதிக்கப்பட்ட மக்களிடமே கேட்டார்கள். யாருடையதும் ஒத்துப்போகவில்லை. நம் மாவட்டத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொன்னது, 2023ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பெண்களும் ஊர் மக்களும் இத்தனை வருடம் பின்வாங்காமல் சொன்ன சாட்சியத்தால்தான் அந்த வழக்கு நின்றது. அந்த ஊருக்குப் போய், உங்கள் எல்லோருடைய மரபணுவையும் போலீஸ் பெட்டியில் வைக்கக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. சட்டம் இல்லாமல், யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்ற விதி இல்லாமல் யாரும் கேட்கவும் கூடாது. அமெரிக்காவிலேயே 2019ல் ஜெட்மேட்ச், விருப்பம் தெரிவித்தவர்களின் தகவலை மட்டும்தான் போலீஸ் தேடலாம் என்று மாற்றியது. இங்கே 2019ல் மக்களவையில் வந்த டி.என்.ஏ. மசோதா 2023ல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதில் குற்றவாளிகள், சந்தேக நபர்கள் பட்டியலோடு, காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத சடலங்களுக்கும் தனித்தனிப் பட்டியல் இருந்தது. மசோதாவோடு அதுவும் போனது.

எனக்கு வருத்தம் அந்தக் கடைசி இரண்டு பட்டியலைப் பற்றித்தான். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 40,000 சடலங்கள் அடையாளம் தெரியாமல் போகின்றன என்று லோக்நீதி அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல மனுவில் சொன்னது. அதில் எத்தனை கொலை என்று யாரால் சொல்ல முடியும்? இறந்தது யாரென்றே தெரியாதபோது, அவரோடு கடைசியாக இருந்தது யார், யாருக்குப் பகை என்று எந்த இன்ஸ்பெக்டர் எங்கே போய் விசாரிப்பார்? துப்புத் துலங்காத கொலைகளில் ஒரு பகுதி இங்கேதான் புதைந்து கிடக்கிறது.

ஒஹையோவில் 1981ல் சாலையோரப் பள்ளத்தில் ஒரு இளம்பெண்ணின் சடலம் கிடைத்தது. மான்தோல் ஜாக்கெட் போட்டிருந்ததால் அதை வைத்தே அவளை அழைத்தார்கள். 37 வருடம் கழித்து, 2018ல், 'டி.என்.ஏ. டோ புராஜெக்ட்' என்ற தன்னார்வ அமைப்பு வம்சாவளி முறையில் அவள் பெயரைக் கண்டுபிடித்தது. மார்சியா கிங், வயது 21. எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரி இருந்ததால்தான் அது முடிந்தது. மகள் திரும்பி வந்தால் தேடுவாளே என்று அவளுடைய அம்மா வீட்டையும் மாற்றவில்லை, தொலைபேசி எண்ணையும் மாற்றவில்லை.

என் பெரியம்மாவும் அப்படித்தான். பாலக்கோடு பக்கம் கிராமம். அவர் மகன், எனக்கு அண்ணன், பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவர். ஒரு தீபாவளிக்கு வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. இங்கே ஒரு காவல் நிலையத்தில், வேலை செய்த இடத்தில் போய்க் கொடுங்கள் என்றார்கள். அங்கே, சொந்த ஊரில் கொடுங்கள் என்றார்கள். கடைசியில் கிடைத்த, புகார் வாங்கியதற்குக் காவல் நிலையம் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை லேமினேஷன் போட்டு, ரேஷன் கார்டு நகலோடு மஞ்சப்பையில் வைத்திருக்கிறார். மேலே இருக்கிற எழுத்து வெளுத்துப்போய்விட்டது, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் தெரிகிறது. அண்ணி பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஊரில் பேசினார்கள். ஏழு வருடம் தகவல் இல்லை என்றால் இறந்ததாகக் கருதலாம் என்று சட்டம் சொல்கிறது, அதற்கும் நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டும். அதுவரை விதவைப் பென்ஷன் கிடையாது, பட்டா மாற்ற முடியாது. ஓசூர் பக்கம் ஏதோ ஒரு பாலத்தடியில் கிடைத்து, மூன்று நாள் பிணவறையில் வைத்திருந்து, யாரும் வரவில்லை என்று புதைத்த உடல்களில் ஒன்று அண்ணனா? பெரியம்மா இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் பேப்பரில் அந்த நாலு வரிச் செய்தியை யாராவது படித்தால், லுங்கி என்ன கலர் என்று மட்டும் கேட்பார்.

இதற்குப் பெரிய வம்சாவளி மரம்கூடத் தேவையில்லை. அம்மா, அப்பா, பிள்ளை, கூடப்பிறந்தவர் மாதிரி இருந்தால் இப்போது இருக்கிற சாதாரண முறையே போதும். எலும்பு மட்டும் கிடைத்தாலும் அம்மா வழி மரபணுவை வைத்து ஒப்பிடலாம். மனைவியின் ரத்தம் மட்டும் இருந்தால் பயன் இல்லை. பெற்றவர்கள் போய்விட்டால் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள். அவர்களும் இல்லை என்றால்தான் தூரத்துச் சொந்தம், பங்காளிகள், திண்ணைப் பெரியவரின் நினைவு எல்லாம் வேண்டியிருக்கும். காத்திருக்க காத்திருக்க எளிய வழி அடைபட்டுக்கொண்டே போகிறது.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அடையாளம் தெரியாமல் உடற்கூறாய்வுக்கு வருகிற ஒவ்வொரு உடலிலிருந்தும் ஒரு கடைவாய்ப் பல்லோ தொடை எலும்புத் துண்டோ எடுத்து, எண் போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாதுகாக்க வேண்டும். யாரென்று தெரியும் வரை எரிக்காமல், எங்கே புதைத்தோம் என்ற குறிப்போடு புதைக்க வேண்டும். காணாமல் போனவர்களின் பெற்றோர் விரும்பினால் அரசு மருத்துவமனையில் இலவசமாக மாதிரி எடுக்க வேண்டும். அந்த மாதிரியை இறந்தவர்களோடு மட்டும்தான் ஒப்பிடுவோம், வேறு எந்தக் குற்ற வழக்கிலும் அந்தக் குடும்பத்தைத் தேட மாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதித் தர வேண்டும். பெங்களூருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு சோதனைச் சாவடிதான், ஆகவே கர்நாடகத்தோடு சேர்ந்து செய்ய வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஆட்சியர் குறைதீர் நாளுக்கும் இதை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படிக் காணாமல் போனவர் இருந்தால், அவர் பெற்றோர் உயிரோடு இருந்தால், உள்பெட்டியில் எழுதுங்கள். பெரியம்மா பெயருக்குக் கீழே அவர்கள் கையெழுத்தையும் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறேன்.